கைத்தொலைபேசி ஒப்பந்தமும் முறிவுக் கட்டணமும்

(பயனீட்டாளர் பாடம்)

தோட்டக் கடையில் பற்று வைத்துச் சாமான் வாங்குவது நம் மக்களுக்குப் புதிதன்று. வாங்கிய அரிசிக்கும் பருப்புக்கும் சம்பள நாளில் கணக்குத் தீர்ப்போம். வாங்காத சாமானுக்குக் கடைக்காரர் பணம் கேட்பதில்லை. அடுத்த மாதம் வேறு கடைக்குச் செல்ல விரும்பினால், பழைய பாக்கியைக் கட்டிவிட்டால் போதும். கடை மாறியதற்காக எவரும் நமக்கு அபராதம் விதிப்பதில்லை.

ஆனால், இன்று நம் வீடுகளில் புகுந்துள்ள ஒரு கணக்கு இத்தகையதன்று. கைத்தொலைபேசி நிறுவனத்துடன் 12 மாதத்திற்கோ 24 மாதத்திற்கோ ஒப்பந்தம் செய்துகொண்ட ஒருவர் இடையில் விலக நினைத்தால், இனிப் பயன்படுத்தப்போகாத மாதங்களையும் கணக்கில் சேர்த்து அவரிடம் பணம் கேட்கப்படுகிறது. இதற்கு ஒப்பந்த முறிவுக் கட்டணம் என்று பெயர். பேச்சு வழக்கில் 'பெனால்டி' என்கிறோம். 2025ஆம் ஆண்டு பிப்ரவரி முதல் தேதி நடைமுறைக்கு வந்த குறைந்தபட்சச் சம்பளம் மாதம் 1,700 வெள்ளி. இச்சம்பளம் பெறும் தொழிலாளி ஒருவருக்கு ஆயிரம் வெள்ளி முறிவுக் கட்டணம் வந்தால், அரை மாத உழைப்புக்கும் மேற்பட்ட தொகை ஒரே கடிதத்தில் போய்விடுகிறது. ஆகவே, இக்கட்டணம் எங்கிருந்து பிறக்கிறது, அதில் எது நியாயம், எது நியாயமன்று என்பதை நாம் தெளிவாக அறிந்துகொள்வது அவசியமாகும்.

இலவசம் என்பது இலவசமா?

கைத்தொலைபேசிச் சேவையில் இரு வகை உண்டு. முதலாவது, பணத்தை முன்னதாகச் செலுத்தி, செலுத்திய அளவுக்குப் பேசுவது. 'பிரிபெய்டு' என நாம் அனைவரும் அறிந்தது இதுவே. பணம் தீர்ந்தால் பேச்சும் நின்றுவிடும், கடன் ஏறாது. இரண்டாவது, மாதச் சந்தா முறை. இம்முறையில் குறிப்பிட்ட காலத்திற்குச் சந்தா செலுத்த ஒப்புக்கொண்டால், நிறுவனம் புதிய கைத்தொலைபேசி ஒன்றை மிகக் குறைந்த விலைக்கோ, விலையே இன்றியோ கொடுக்கிறது. முறிவுக் கட்டணம் என்னும் தொல்லை பெரும்பாலும் இந்த இரண்டாம் முறையிலேயே எழுகிறது.

எந்த வணிகரும் பொருளைச் சும்மா கொடுப்பதில்லை. 'இலவசக்' கைத்தொலைபேசியின் விலை மாதச் சந்தாவுக்குள் மறைந்திருக்கிறது. இதனை ஒரு கணக்கால் விளக்குவோம். இதில் வரும் தொகைகள் கணக்கிடும் வசதிக்காக நாம் வைத்துக்கொண்டவை.

கடையில் 1,200 வெள்ளி விலையுள்ள கைத்தொலைபேசி ஒன்றை நிறுவனம் இலவசமாகத் தருகிறது. மாதச் சந்தா 100 வெள்ளி. காலம் 24 மாதம். அதே சேவையை, கைத்தொலைபேசி இன்றி, சொந்தக் கருவியில் பெற்றால் சந்தா 50 வெள்ளிதான். அப்படியானால் மாதந்தோறும் கூடுதலாகச் செலுத்தும் 50 வெள்ளி எதற்கு? 50 வெள்ளியை 24ஆல் பெருக்கினால் 1,200 வெள்ளி. அதாவது, இலவசமாகக் கிடைத்த கருவிக்கு நாம் மாதத் தவணையில் முழு விலையையும் கட்டுகிறோம்.

இதனைப் புரிந்துகொண்டால் நிறுவனத்தின் பக்கத்து நியாயமும் விளங்கும். இரண்டே மாதத்தில் ஒருவர் விலகினால், கருவிக்காக அவர் செலுத்தியது 100 வெள்ளி மட்டுமே. 1,200 வெள்ளிக் கருவி அவர் கையில் இருக்கிறது. மீதி 1,100 வெள்ளியை நிறுவனம் கேட்பதில் தவறில்லை. சிக்கல் அங்கில்லை. அந்தத் தொகை எவ்வாறு கணக்கிடப்படுகிறது என்பதில்தான் இருக்கிறது.

மூன்று வகைக் கணக்கு

முறிவுக் கட்டணத்தை மூன்று வகையாகக் கணக்கிடலாம். மேற்சொன்ன ஒப்பந்தத்திலிருந்து 18 மாதம் கழித்து ஒருவர் விலகுவதாக வைத்துக்கொள்வோம். கருவிக்காக அவர் அதுவரை செலுத்தியது 900 வெள்ளி. எஞ்சியிருப்பது 300 வெள்ளி.

முதல் வகை, மாதந்தோறும் குறைந்துகொண்டே வரும் கட்டணம். இதன்படி அவர் 300 வெள்ளி கட்டினால் போதும். கருவியின் விலை சரியாகத் தீர்ந்துவிடுகிறது.

இரண்டாம் வகை, எஞ்சிய மாதங்களின் சந்தா முழுவதும். ஆறு மாதத்திற்கு 600 வெள்ளி. இதில் 300 வெள்ளி கருவிக்கு உரியது. மற்ற 300 வெள்ளி அவர் பேசாத பேச்சுக்கு உரியது.

மூன்றாம் வகை, எப்பொழுது விலகினாலும் ஒரே தொகை. அது 1,000 வெள்ளி என்று இருந்தால், ஏற்கெனவே செலுத்திய 900 வெள்ளியுடன் சேர்த்து, 1,200 வெள்ளிக் கருவிக்கு அவர் 1,900 வெள்ளி கொடுத்தவர் ஆகிறார். முதல் மாதத்தில் நியாயமாகத் தோன்றிய அதே தொகை, பதினெட்டாம் மாதத்தில் அநியாயமாகிவிடுகிறது. தொகை மாறவில்லை; நம் கடன்தான் குறைந்திருக்கிறது. இந்த வேறுபாட்டை உணர்வதே இப்பாடத்தின் உயிர்நாடி எனலாம்.

இங்கே நடைமுறைக்கு உதவும் ஒரு குறிப்பும் உண்டு. விலகுமுன், எஞ்சிய மாதங்களைச் சந்தாவால் பெருக்கி, வரும் தொகையை முறிவுக் கட்டணத்துடன் ஒப்பிட்டுப் பார்க்க வேண்டும். மேற்கண்ட மூன்றாம் வகையில், எஞ்சியிருப்பது பத்து மாதத்திற்குக் குறைவானால், விலகுவதைவிட ஒப்பந்தத்தை முடித்துவிடுவதே மலிவு. குறைந்த சந்தாத் திட்டத்திற்கு இறங்க நிறுவனம் இடந்தருமா என்றும், அவ்வாறு இறங்குவதற்குக் கட்டணம் உண்டா என்றும் கேட்டறியலாம்.

நாம் இடறும் இடங்கள்

தோட்டப்புற மக்கள் இவ்விஷயத்தில் இடறுவதற்குச் சில தனிக் காரணங்கள் உண்டு.

முதலாவது, அலைவரிசை. பட்டணத்துப் பேரங்காடியில் தெளிவாகக் கேட்கும் தொலைபேசி, செம்பனை மரங்களுக்கிடையே அமைந்த லயத்தில் ஊமையாகிவிடக்கூடும். 2020ஆம் ஆண்டு தொடங்கப்பட்ட ஜெண்டேலா திட்டம் உட்புறப் பகுதிகளுக்கு இணைய வசதியை விரிவுபடுத்த முற்பட்டது. எனினும், ஒவ்வொரு நிறுவனத்தின் அலைவரிசையும் ஒவ்வோர் இடத்திலும் ஒரே வலிமையுடன் இருக்கும் என்று எதிர்பார்க்க முடியாது. ஒப்பந்தம் செய்யுமுன், அந்நிறுவனத்தின் முன்பண 'சிம்' அட்டை ஒன்றை வாங்கி, வீட்டிலும் வேலைக்காட்டிலும் பிள்ளைகள் படிக்கும் இடத்திலும் ஒரு வாரம் சோதித்துப் பார்ப்பது அறிவுடைமை. சில வெள்ளிச் செலவு பல நூறு வெள்ளியைக் காக்கும்.

இரண்டாவது, பிறருக்காகக் கையொப்பமிடுதல். 1971ஆம் ஆண்டு வயதுவந்தோர் சட்டப்படி 18 வயதே வயதுவந்த நிலையாகும். 18 வயது நிரம்பாத பிள்ளைக்காகத் தகப்பனார் தம் அடையாளக் கார்டைக் கொடுத்து ஒப்பந்தம் செய்கிறார். மைத்துனருக்காகவும் நண்பருக்காகவும் அவ்வாறே செய்வோர் உண்டு. கருவி யார் கையில் இருந்தாலும், கடன் கையொப்பமிட்டவர் பெயரிலேயே நிற்கும். நண்பர் வேலையை விட்டு வேறு தோட்டம் போய்விட்டால், கடிதம் அவரைத் தேடிச் செல்லாது. நம் வீட்டுக்கே வரும்.

மூன்றாவது, கட்டாமல் விட்டால் தானாக நின்றுவிடும் என்னும் எண்ணம். முன்பணச் சேவையில் பழகியவர்களுக்கு இவ்வாறு தோன்றுவது இயல்பே. சந்தா முறையில், பாக்கி ஏறிய பின்னர் நிறுவனம் சேவையை நிறுத்தும். நிறுத்தியபின் பாக்கியோடு முறிவுக் கட்டணத்தையும் சேர்த்துக் கேட்கும். அப்பாக்கி, 2010ஆம் ஆண்டுச் சட்டத்தின் கீழ் இயங்கும் கடன் தகவல் நிறுவனங்களின் பதிவில் ஏறுமானால், பின்னொரு நாள் மோட்டார் சைக்கிளுக்கோ வீட்டுக்கோ கடன் கேட்கும்பொழுது அது குறுக்கே வந்து நிற்கும்.

நான்காவது, எண்ணை மாற்றாமல் நிறுவனத்தை மாற்றும் வசதி. நம் நாட்டில் இது 2008ஆம் ஆண்டு நடைமுறைக்கு வந்தது. பயனுள்ள வசதியே ஆயினும், எண்ணோடு ஒப்பந்தம் கூடவே வருவதில்லை. புதிய நிறுவனம் அன்புடன் வரவேற்கும். பழைய நிறுவனம் முறிவுக் கட்டணத்திற்குக் கணக்கு அனுப்பும்.

ஐந்தாவது, அறியாமலே நீளும் ஒப்பந்தம். இருபதாம் மாதத்தில் புதிய கருவி தருவதாகச் சொன்னால், பெரும்பாலும் அன்றிலிருந்து இன்னொரு 24 மாதம் தொடங்கிவிடும். 2006ஆம் ஆண்டு மின் வணிகச் சட்டம், மின்னியல் வழியே செய்யும் ஒப்பந்தங்களையும் செல்லுபடியாக்கியுள்ளது. திரையில் 'சம்மதம்' என்னும் இடத்தைத் தொட்டாலும் கையொப்பமிட்டது போலத்தான். மேலும், கருவி தொலைந்தாலும் உடைந்தாலும் ஒப்பந்தம் தொலைவதில்லை என்பதையும் நினைவிற்கொள்ள வேண்டும்.

வெளிநாடுகளின் அனுபவம்

இத்தொல்லை நமக்கு மட்டும் உரியதன்று. சந்தா ஒப்பந்த முறை வேரூன்றிய அமெரிக்காவில் பயனீட்டாளர்கள் பல ஆண்டுகள் இதனை எதிர்த்துப் போராடினர். ஸ்பிரிண்ட் என்னும் நிறுவனம் 150 டாலர், 200 டாலர் என ஒரே அளவான முறிவுக் கட்டணம் வசூலித்துவந்தது. கலிபோர்னியா மாநிலத்துப் பயனீட்டாளர்கள் ஒன்றுசேர்ந்து வழக்குத் தொடுத்தனர். அக்கட்டணம் சட்டத்திற்குப் புறம்பானது என 2008ஆம் ஆண்டு அங்குள்ள நீதிமன்றம் முடிவு கூறியது. தனி ஒருவர் 200 டாலருக்காக வழக்காடுவது கடினம். பலர் கூடியபொழுது அது கோடிக்கணக்கான டாலர் வழக்காக மாறியது.

2009ஆம் ஆண்டு வெரைசன் என்னும் மற்றொரு நிறுவனம், உயர்தரக் கருவிகளுக்கு முறிவுக் கட்டணத்தை 350 டாலராக உயர்த்தியது. மாதத்திற்கு 10 டாலர் குறையும் என்றும் அறிவித்தது. கேட்பதற்கு நன்றாகவே இருந்தது. ஆனால் 23 மாதம் சென்றபின் குறைந்திருப்பது 230 டாலர். இன்னும் 120 டாலர் நிற்கிறது! இரண்டாண்டு ஒப்பந்தத்தில் ஒரே மாதம் எஞ்சியிருக்கையில் 120 டாலர் ஏன் என்னும் கேள்வி எழுந்தது. அந்நாட்டின் தொடர்புத்துறை ஆணையமும் விளக்கம் கேட்டது. 'மாதந்தோறும் குறையும்' என்ற சொல்லைக் கேட்டதும் மகிழ்ந்துவிடாமல், கடைசி மாதத்தில் எவ்வளவு எஞ்சும் என்று கேட்க வேண்டும் என்பதே இதிலிருந்து நாம் பெறும் பாடம்.

கனடா நாடு இதற்கு விதியால் விடை கண்டது. 2013ஆம் ஆண்டு டிசம்பரில் அங்கு நடைமுறைக்கு வந்த கைத்தொலைபேசி நெறிமுறையின்படி, சலுகை விலைக் கருவிக்கான முறிவுக் கட்டணம் அச்சலுகையின் அளவை மீறலாகாது. மாதந்தோறும் சமமாகக் குறைந்து, 24 மாதத்திற்குள் முற்றிலும் தீர்ந்துவிட வேண்டும். நாம் மேலே முதல் வகை என்று கண்டது இதுவே. அதே 2013ஆம் ஆண்டில் அமெரிக்காவின் டி-மொபைல் நிறுவனம் கருவியின் விலையையும் சேவையின் விலையையும் தனித்தனியே பிரித்துக் காட்டத் தொடங்கியது. விலை வெளிப்படையானால் ஒப்பிட்டுப் பார்ப்பது எளிதாகிறது.

நம் நாட்டுச் சட்டம்

ஒப்பந்தத்தில் ஒரு தொகை அச்சிடப்பட்டுள்ளது என்பதாலேயே அதனை முழுமையாகக் கட்டியாக வேண்டும் என்று கருத வேண்டியதில்லை. 1950ஆம் ஆண்டு ஒப்பந்தச் சட்டத்தின் 75ஆம் பிரிவு இதுபற்றித் தெளிவாகக் கூறுகிறது. ஒப்பந்தத்தை மீறியவர் செலுத்த வேண்டியதாக ஒரு தொகை குறிக்கப்பட்டிருந்தால், பாதிக்கப்பட்டவருக்கு உரியது நியாயமான இழப்பீடே. குறிக்கப்பட்ட தொகை அதன் உச்ச வரம்பு மட்டுமே.

அந்த நியாயத்தை யார் மெய்ப்பிப்பது? 1995ஆம் ஆண்டு கூட்டரசு நீதிமன்றம், பொதுவாக இழப்பை எடுத்துக்காட்ட வேண்டியவர் இழப்பீடு கேட்பவரே என்று கூறியிருந்தது. 2018ஆம் ஆண்டு அதே நீதிமன்றம் இந்நிலையை மாற்றியது. எல்லா வழக்கிலும் உண்மையான இழப்பை மெய்ப்பிக்கத் தேவையில்லை என்றும், குறிக்கப்பட்ட தொகை நியாயமற்றது என்று வாதிடுபவரே அதனைக் காட்ட வேண்டும் என்றும் தீர்ப்பளித்தது. இதன் பொருள் என்ன? "அநியாயம்" என்று வாயால் சொன்னால் போதாது. கருவியின் விலை என்ன, செலுத்திய சந்தா எவ்வளவு, எஞ்சிய மாதம் எத்தனை என்று கணக்கைக் கையில் வைத்துக்கொண்டு பேச வேண்டும். இதற்காகவே இக்கட்டுரையில் கணக்குக்கு இத்தனை இடம் ஒதுக்கினோம்.

1999ஆம் ஆண்டு பயனீட்டாளர் பாதுகாப்புச் சட்டம் இன்னொரு துணையாகும். 2011ஆம் ஆண்டு முதல் நடைமுறையில் உள்ள அதன் 3ஏ பகுதி, நியாயமற்ற ஒப்பந்த விதிகளைப் பற்றியது. பயனீட்டாளரின் அறிவும் புரிந்துகொள்ளும் திறனும், இரு தரப்பாரின் பேரம் பேசும் வலிமை, விதிகள் பொடி எழுத்தில் அச்சிடப்பட்டுள்ளனவா, படிப்பதற்கும் புரிந்துகொள்வதற்கும் கடினமானவையா என்பன போன்றவற்றை அது கருத்திற்கொள்கிறது. அளவுமீறிக் கடுமையான விதியைச் செல்லாது என்று அறிவிக்கவும் அது வழிவகுக்கிறது. பூதக்கண்ணாடி வைத்துப் படிக்க வேண்டிய விதிக்குச் சட்டமே கேள்வி எழுப்புகிறது என்பது நமக்கு ஆறுதல் தருவதாகும். ஆயினும், சட்டம் காப்பாற்றும் என்று எண்ணிப் படிக்காமல் கையொப்பமிடுவது, குடை இருக்கிறது என்று ஆற்றில் இறங்குவதைப் போன்றது.

முறையிடும் வழி

கட்டணம் பற்றி நியாயமான குறை இருந்தால், கடிதத்தைக் கிழித்தெறிவதோ கடைப் பணியாளரிடம் சண்டையிடுவதோ பயன்தராது. படிப்படியாகச் செயற்பட வேண்டும்.

1. முதலில் நிறுவனத்திடம் எழுத்து மூலம் முறையிட வேண்டும். ஒப்பந்த எண், கையொப்பமிட்ட தேதி, விலகக் காரணம், கேட்கப்படும் தொகை, நாம் நியாயமெனக் கருதும் தொகை ஆகியவற்றைச் சுருக்கமாக எழுதி, முறையீட்டு எண்ணைக் கேட்டுப் பெறவேண்டும். அலைவரிசைக் குறைவே காரணமானால், எந்த நாளில், எந்த இடத்தில், எத்தனை மணிக்குச் சேவை கிடைக்கவில்லை என்று குறித்துவைத்த பட்டியலை இணைக்க வேண்டும்.

2. நிறுவனம் தீர்க்காவிட்டால், 1998ஆம் ஆண்டு தொடர்பு, பல்லூடகச் சட்டத்தின் அடிப்படையில் 2001ஆம் ஆண்டு அமைக்கப்பட்ட தொடர்பு, பல்லூடகப் பயனீட்டாளர் மன்றத்திடமோ, மலேசியத் தொடர்பு, பல்லூடக ஆணையத்திடமோ முறையிடலாம்.

3. பயனீட்டாளர் கோரிக்கை நடுவர் மன்றம் மற்றொரு வாயில். உள்நாட்டு வாணிப, வாழ்க்கைச் செலவின அமைச்சின் கீழ் இயங்கும் இம்மன்றத்தில் மனுச் செய்வதற்கான கட்டணம் 5 வெள்ளி. 2019ஆம் ஆண்டுத் திருத்தத்திற்குப் பின்னர் 50,000 வெள்ளி வரையிலான கோரிக்கைகளை இங்குக் கொண்டுவரலாம். பொதுவாக வழக்கறிஞர்களுக்கு இங்கு இடமில்லை. நிறுவனத்தின் பிரதிநிதியும் நாமும் சமமாக அமர்ந்து பேசலாம். குறை எழுந்த மூன்றாண்டுக்குள் மனுச் செய்ய வேண்டும். ஒப்பந்தத்தை முழுவதுமோ பகுதியோ மாற்றவும் நீக்கவும் மன்றத்திற்கு அதிகாரம் உண்டு. அதன் தீர்ப்பை 14 நாட்களுக்குள் நிறைவேற்றத் தவறுவது குற்றமாகும்.

முறையீடு நடைபெறும் காலத்தில், தகராறு இல்லாத பழைய சந்தாப் பாக்கியைக் கட்டிவிடுவது நல்லது. கட்ட வேண்டியதைக் கட்டியவரின் குரலுக்கு மதிப்பு அதிகம்.

கையொப்பமிடுமுன் கேட்க வேண்டிய ஐந்து கேள்விகள்

ஒன்று: இந்தக் கருவியின் கடை விலை என்ன? கருவி இல்லாமல் இதே சேவைக்குச் சந்தா எவ்வளவு?

இரண்டு: ஒப்பந்தம் எத்தனை மாதம்? எந்தத் தேதியில் முடிகிறது?

மூன்று: ஆறாம் மாதத்தில் விலகினால் எவ்வளவு, பன்னிரண்டாம் மாதத்தில் எவ்வளவு, கடைசி மாதத்தில் எவ்வளவு?

நான்கு: எங்கள் தோட்டத்தில் அலைவரிசை கிடைக்காவிட்டால், கட்டணமின்றி விலக முடியுமா? அது ஒப்பந்தத்தில் எங்கே எழுதப்பட்டுள்ளது?

ஐந்து: ஒப்பந்தத்தின் நகலை இப்பொழுதே தருவீர்களா?

இவற்றுக்கான விடைகளைப் பணியாளரின் வாய்மொழியாகப் பெறுவதோடு நின்றுவிடலாகாது, எழுத்தில் பெறவேண்டும். மலாயிலோ ஆங்கிலத்திலோ உள்ள ஒப்பந்தம் புரியாவிட்டால், வீட்டிற்குக் கொண்டுவந்து படித்த பிள்ளைகளிடமோ தோட்டக் கிராணியாரிடமோ தொழிற்சங்கப் பொறுப்பாளரிடமோ காட்டிக் கேட்கலாம். "சலுகை இன்றோடு முடிகிறது" என்று அவசரப்படுத்துபவரிடம் நாம் அவசரப்பட வேண்டிய அவசியமில்லை. வெற்றுத் தாளில் ஒருபொழுதும் கையொப்பமிடலாகாது. கையிலிருக்கும் பழைய கருவி இன்னும் உழைக்குமானால், முன்பணச் சேவையே நம் வருமானத்திற்கு ஏற்றதா என்றும் எண்ணிப் பார்க்க வேண்டும்.

கைத்தொலைபேசி இன்று ஆடம்பரப் பொருளன்று. பிள்ளைகளின் படிப்புக்கும், வெளியூரில் வேலை செய்யும் மக்களுடன் பேசுவதற்கும், ஆபத்து வேளையில் மருத்துவ உதவி கேட்பதற்கும் அது வேண்டியிருக்கிறது. தேவையான பொருளை வாங்குவது தவறன்று. அதன் விலையை அறியாமல் வாங்குவதே தவறு. சுருங்கக் கூறின், ஒப்பந்தத்தில் நுழையும் வாசலைப் பார்க்கும்பொழுதே வெளியேறும் வாசலையும் பார்த்துக்கொள்ள வேண்டும். மேற்கண்ட ஐந்து கேள்விகளையும் ஒரு தாளில் எழுதிச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு கடைக்குச் செல்வோமாக. விடை தர மறுக்கும் கடையில் கையொப்பமிடாமல் திரும்பிவருவதும் பயனீட்டாளருக்கு உள்ள உரிமைதான்.